எலியின் வாலும் தம்பியின் தாடியும்

1

எங்கள் வீட்டில் சாவு காது வழியாகத்தான் வரும். ஒருவர் இறந்த நாளில் அல்ல, இறந்துவிட்டார் என்று நாங்கள் கேட்ட நாளில்தான் துடக்கு, அதாவது தீட்டு, தொடங்கும். கோயில் பூசை செய்கிற குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு இது புதிதல்ல, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். துடக்கு வந்தவர் கோயில் படியை மிதிக்கக்கூடாது, வீட்டில் விளக்கு வைக்கக்கூடாது, சவரம் எடுக்கக்கூடாது. கேட்காதவருக்கு ஒன்றுமில்லை.

ஆகவே அப்பா பூசையில் நிற்கும்போது யாராவது சாவுச் செய்தியோடு வந்தால் அம்மா வாசல் படலையிலேயே மறித்துவிடுவார். "பொறும், ஐயா உள்ள நிக்கிறார்" என்று சொல்லிக் குடிக்கத் தண்ணீர் கொடுப்பார். வந்தவர் வேப்பமரத்துக்குக் கீழே குந்திக்கொண்டு, மழையைப் பற்றியும் படகைப் பற்றியும் கதைத்துக்கொண்டிருப்பார். பூசை முடிந்து, கதவு சாத்தி, அப்பா வெளியே வந்த பிறகுதான் அவர் வாயைத் திறப்பார். அதுவரைக்கும் செத்தவர் எங்கள் வீட்டில் உயிரோடு இருப்பார். அம்மா போய்ப் பல வருடம். படலையில் மறிக்க இப்போது ஆள் இல்லை.

இன்னொரு விதியும் உண்டு. திருவிழாவுக்குக் கொடியேற்றுகிற அன்று பூசை செய்பவரின் மணிக்கட்டில் காப்புக் கட்டுவார்கள். கட்டிய பிறகு எந்தத் துடக்கும் அவரைத் தொடாது. கொடி இறங்கிக் காப்பு அவிழ்க்கும்வரை அவர் வீட்டுக்காரர் அல்ல, கோயிலுக்குச் சொந்தமானவர்.

இந்த வருடம் ஆனி மாதத் திருவிழாவின்போது எனக்கு நடந்ததைத்தான் எழுதுகிறேன். திருவிழா நயினாதீவில் நடந்தது. நான் நோர்வேயில் மேற்குக் கரையோரத்து மழை நகரம் ஒன்றில் இருந்தேன். குறிகட்டுவானில் படகேறி வரும் சனம் பெரிய கோயிலில் கும்பிட்டுவிட்டு அடுத்த படகில் திரும்பிவிடும். அப்பாவின் கோயில் அது அல்ல. தீவின் மற்றப் பக்கத்தில் சிறிய பிள்ளையார் கோயில். ஊரவர்கள்தான் வருவார்கள், அதுவும் ஊரில் மிஞ்சியவர்கள்.

2

என் வேலையைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் எலிகளைப் படம் எடுப்பவன். பல்கலைக்கழகத்து நிலவறை ஒன்றில், மருத்துவ ஆராய்ச்சிக்காக. கதிரியக்கம் கலந்த சீனியை எலியின் வாலில் உள்ள இரத்த நாளத்தில் ஏற்றுவோம். எங்கே உழைப்பு அதிகமோ அங்கே, இதயத்துக்கும் மூளைக்கும், அந்தச் சீனி போய்ச் சேரும். சேர்ந்த இடத்திலிருந்து ஒரே கணத்தில் இரண்டு கதிர்கள் நேர் எதிர்த் திசைகளில் புறப்படும். எலியைச் சுற்றி வளையமாக உணரிகள் இருக்கின்றன. இரண்டு உணரிகளில் ஒரே நேரத்தில் அடி விழுந்தால் இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு கீறுவோம். இந்தக் கோட்டில் எங்கேயோதான் சீனி இருக்கிறது. லட்சக்கணக்கான கோடுகள் சேர்ந்து ஒரு படமாகும்.

சில கதிர்கள் வழியில் எதிலாவது முட்டித் திசை திரும்பிவிடும். எலி சிறிய உடம்பு. அதற்குள் முட்டுவதைவிட, அது படுத்திருக்கிற பலகையிலும் இயந்திரத்தின் உடம்பிலும் முட்டுவது அதிகம். திரும்பிய கதிரும் உணரிக்கு வந்து சேர்கிறது. உணரி அதையும் நம்புகிறது. கோடு தவறான இடத்தில் விழுகிறது. இதுதான் சிதறல். படத்தில் ஒன்றுமே இல்லாத இடத்தில் மங்கலாக ஒரு புகை தெரியும்.

அந்தப் புகையைக் கழிப்பதுதான் என் வேலை. எலியின் உடம்புக்கு வெளியே வெறும் காற்று. காற்றில் சீனி இருக்காது. ஆகவே உடம்புக்கு வெளியே இருந்து வந்ததாகப் பதிவாகிற எல்லாம் பொய். வெளியே எவ்வளவு பொய் இருக்கிறது என்று அளந்தால், உள்ளே எவ்வளவு பொய் கலந்திருக்கும் என்று கணிக்கலாம். கணித்ததைக் கழித்துவிடலாம். இதற்கு முதலில் எலியின் எல்லையைக் கீறவேண்டும். இதுவரை உடம்பு, இதற்கு அப்பால் ஒன்றுமில்லை என்று கணினிக்குச் சொல்லவேண்டும். எல்லை தவறினால் கணக்கு முழுவதும் தவறு. அளவுக்கு மிஞ்சிக் கழித்தால் இருப்பதையும் இல்லை என்று காட்டிவிடும்.

இதை ஒருமுறை அப்பாவுக்குத் தொலைபேசியில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "அப்ப படம் பிடிக்கிறது மெசின். நீர் கூட்டித் துடைக்கிற ஆள்" என்றார். அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை.

எலி பிள்ளையாருக்கு வாகனம் என்பதால் என் தொழிலில் அப்பாவுக்கு ஒரு தனிப் பகிடி. ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிட்டால் முதல் கேள்வி, "வாகனம் எப்பிடி இருக்குது?" இரண்டாவது கேள்வி தம்பியைப் பற்றியதாக இருக்கும்.

3

தம்பியின் பெயர் சபேசன். அப்பாவுக்கு அவன் சின்னவன். நான் பௌதிகம் படிக்கப் போனேன், அவன் மந்திரம் படித்தான். தொண்ணூற்றேழில் நான் இந்த நாட்டுக்கு வந்தேன். அவன் அப்பாவோடு நின்றான். கோயிலில் அப்பாவுக்கு அடுத்த ஆள் அவன்தான். சண்டை நின்ற சமாதான காலத்தில் வன்னிக்குப் பாதை திறந்தபோது, அங்கே ஒரு பிள்ளையார் கோயிலுக்கு ஐயர் இல்லை என்று அந்த ஊரவர்கள் கேட்டு வந்தார்கள். கொஞ்சக் காலம் போய் நிற்கிறேன் என்று போனான். பிறகு சண்டை மூண்டு பாதை பூட்டிவிட்டது. அவன் அங்கேயே அகப்பட்டுக்கொண்டான். அப்பாவுக்கு உதவிக்கு வேறு ஐயர் இல்லை. அக்கரையிலிருந்து ஒருவரைக் கூப்பிடுவதென்றால் கடற்படையின் அனுமதி வேண்டும். ஆனியில் அவரவருக்கு அவரவர் கோயில் வேலை.

சபேசனோடு கடைசியாகப் பேசியது இந்த வருடத் தொடக்கத்தில். ஊரோடு சேர்ந்து கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தான்.

"கோயில் மணியைக் கழட்டிக்கொண்டு வந்திட்டன், அண்ணா. மத்ததெல்லாம் விட்டிட்டம்" என்றான்.

"அதேன் சுமக்கிறாய்?"

"பின்ன? விட்டிட்டு வர ஏலுமே?"

அவ்வளவுதான். லைன் அறுந்துவிட்டது.

வைகாசியில் சண்டையும் எல்லாமும் முடிந்தது. மிஞ்சிய சனத்தை வவுனியாப் பக்கம் முகாம்களில் முள்வேலிக்குள் வைத்தார்கள். யார் எங்கே என்று யாருக்கும் தெரியாது. நான் கனடா, பாரிஸ், லண்டன் என்று தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் தொலைபேசி எடுத்தேன். கடைசியில் கொடியேற்றத்துக்கு முந்திய கிழமை இரண்டு செய்திகள் வந்தன.

ஒன்று கனடாவிலிருந்து. பேசியது நான் அறியாத ஒரு பெண். அவருடைய தாய் முகாமில் இருக்கிறார்.

"அண்ணை, சொல்லக் கஷ்டமா இருக்கு. மணியோட திரிஞ்ச ஐயர் ஒராளாம். செல் விழுந்து ஆள் முடிஞ்சுதாம்."

"உங்கட அம்மா கண்டவவோ?"

"இல்லை. பக்கத்துக் கொட்டிலில இருந்த ஆக்கள் சொன்னவையாம்."

மற்றது முகாமிலிருந்தே வந்தது. ஒளித்து வைத்திருந்த கைத்தொலைபேசியில், சரவணை என்ற ஊர்க்காரர் ஒருவர். வன்னியில் கல்யாணம் செய்தவர். சின்ன வயதில் எங்கள் வீட்டுக்கு வந்து போனவர்தான்.

"கடைசி நாள் வெளிக்கிட்டு வரேக்க சபேசனைக் கண்டனான். வரிசையில எனக்கு முன்னால போனவர். கூப்பிட்டனான், திரும்பிப் பாத்தவர். பிறகு சனம் தள்ளிப்போட்டுது."

"எப்பிடி இருந்தவன்?"

"சாரம்தான் உடுத்தியிருந்தவர். தலையைத் துவாயால கட்டியிருந்தவர். முகம் முழுக்கத் தாடி."

"தாடியோ?"

"ஓம், நல்ல தாடி."

நான் நன்றி சொல்லி வைத்துவிட்டேன். சபேசனுக்குத் தாடி இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. விடிய முதல் வேலை சவரம், பிறகு கிணற்றடி, பிறகு கோயில். அப்படித்தான் எங்களை வளர்த்தார்கள். இவர் வேறு யாரையோ கண்டிருக்கிறார். மணியோ பொருந்துகிறது, மணியைச் சுமந்துகொண்டு திரியக்கூடிய ஐயர் உலகத்தில் ஒருவன்தான். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்தேன். என் தொழிலில் ஒவ்வொரு நாளும் செய்வதுதான்.

தம்பி செத்துவிட்டான் என்று எனக்குள் முடிவாகியது. அழுகை வரவில்லை. குசினியில் பாத்திரம் கழுவக் கிடந்தது, போய்க் கழுவினேன்.

4

கொடியேற்றத்துக்கு முந்திய நாள் அப்பாவைக் கூப்பிட்டேன். வழமையாக ஞாயிற்றுக்கிழமைதான் பேசுவோம். அன்று ஏன் கூப்பிட்டேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. சொல்லப் போகிறேனா, சொல்லாமல் விடப் போகிறேனா என்ற தீர்மானம் எதுவும் என்னிடம் இருக்கவில்லை.

சொன்னால் அந்தக் கணத்திலிருந்து அவருக்குத் துடக்கு. கொடி ஏறாது. உடம்பு இல்லாதபடியால் தர்ப்பையில் ஓர் உருவம் செய்து, அதைச் சின்னவன் என்று நினைத்து அவரே எரிக்கவேண்டும். மறுநாள் வரை பொறுத்து, காப்புக் கட்டிய பிறகு சொன்னால் துடக்கு வராது. ஆனால் மகன் செத்ததைக் கேட்டவர் அடுத்த பூசைக்கு எப்படி மணி அடிப்பார்?

"என்ன, இண்டைக்குக் கூப்பிடுறீர்?" என்றார் அப்பா.

"சும்மாதான். நாளைக்குக் கொடியெல்லே."

"ஓம். கொடிச்சீலை எல்லாம் ஆயத்தம். மடத்துவெளியில இருந்து தவில்காரர் வந்திட்டினம். காத்துத்தான் கூட."

"உடம்பு?"

"உடம்புக்கு என்ன."

அதன்பின் வாகனத்தைப் பற்றிக் கேட்கவில்லை. சின்னவனைப் பற்றியும் கேட்கவில்லை. சபேசனோடு தொடர்பு அறுந்த பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்ட முதல் தொலைபேசி அதுதான். என் குரலில் எதையோ கண்டுபிடித்துவிட்டார். படலையடியில் ஒரு ஆள் செய்தியோடு வந்து நிற்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

"சரி, எனக்கு வேலை கிடக்கு. எல்லாம் முடியட்டும், நானே எடுக்கிறன். அதுவரைக்கும் நீர் எடுக்க வேண்டாம்" என்றார்.

"ஓமப்பா" என்றேன்.

5

அப்பா கேட்கவில்லை, ஆகவே அவருக்கு ஒன்றுமில்லை. நான் கேட்டவன். எனக்குத் துடக்கு. ஊரில் இருந்தால் அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அக்கம்பக்கத்தார் சோறு கொண்டுவந்து தருவார்கள். இங்கே அதை நான் தனியாக வைத்துக்கொண்டிருந்தேன். மனைவி மைதிலிக்குச் சொன்னால் அவளுக்கும் வந்துவிடும். அவள் வாயால் எப்படியும் ஊருக்குப் போய்விடும். அலுமாரிக்குள் ஒரு பாம்பைப் பூட்டி வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்வருகிறவன் போல இருந்தேன்.

சவரம் எடுக்கவில்லை. மாலையில் சாமிப்படத்துக்கு விளக்கு வைப்பது என் வேலை, அதைச் செய்யவில்லை. மைதிலி கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் விளக்கு வைக்கேல்லை?"

"களைப்பாக் கிடக்கு."

"நான் வைக்கட்டே?"

"வையும்."

அவளும் ஐயர் வீட்டுப் பிள்ளை. ஒரு ஆண் திடீரென்று விளக்கையும் சவரக் கத்தியையும் விட்டால் என்ன பொருள் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கேட்காமல் விட்டாள்.

மகள் வாணிக்கு இந்த நாகரிகம் எல்லாம் கிடையாது. பன்னிரண்டு வயது. தமிழ் விளங்கும், பேசுவது நோர்வேஜிய மொழிதான். எலிகளை நான் படுத்தும் பாடு பற்றி அவளுக்கு ஏற்கெனவே என்னில் கோபம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நேராகக் கேட்டாள், "சித்தப்பா செத்துப் போனாரா?"

அந்த மொழியில் அதைச் சுற்றி வளைத்துக் கேட்க வழி இருக்கலாம். அவள் சுற்றி வளைக்கவில்லை. நான் மைதிலியைப் பார்த்தேன். அவள் குழம்புச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாது" என்றேன்.

வாணி எழும்பி மேலே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மைதிலி, "அவள் கேள்விதானே கேட்டவள். நான் ஒண்டும் கேக்கேல்லை" என்றாள். பிறகு போய் விளக்கை வைத்தாள்.

அதே கிழமை அலுவலகத்தில் விடுப்புக் கேட்டேன். நெருங்கிய உறவினர் இறந்தால் விடுப்புத் தரும் நாடு இது. அந்த அறையில் இருந்த பெண் மிகவும் நல்லவர். மேசையில் கடதாசிக் கைக்குட்டைப் பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டுத்தான் பேசத் தொடங்கினார்.

"யார் இறந்தது?"

"என் தம்பி. ஒருவேளை."

"ஒருவேளையா?"

"செத்திருக்கலாம்."

"எந்தத் திகதி?"

"தெரியாது."

அவர் கணினியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒருவேளைக்கு விடுப்பு இல்லை. உறுதியானதும் வாருங்கள் என்றார், உண்மையான வருத்தத்தோடு. கோபம்கூட வரவில்லை. மழையில் நனைந்துகொண்டு நிலவறைக்குத் திரும்பினேன். எலிகள் காத்துக்கொண்டிருந்தன.

6

அந்த நாட்களில் எங்களிடம் இருந்தவை இதயத்தில் காயப்பட்ட எலிகள். இங்க்ரிட் என்ற மருத்துவருடைய ஆராய்ச்சி. காயப்பட்ட இதயத் தசைக்கு அவர் ஒரு மருந்து கொடுத்துப் பார்த்தார். தசை உயிரோடு இருந்தால் மங்கலாகவாவது சீனியை எடுக்கும். படத்தில் மங்கலாகத் தெரியும். செத்திருந்தால் அந்த இடம் கறுப்பு.

இங்க்ரிட் திரைக்கு முன்னால் வெகுநேரம் இருந்தார். பிறகு விரலை வைத்துக் காட்டினார்.

"இதயத்தின் இந்தச் சுவர் செத்துவிட்டது. இதிலும். இதிலும். மருந்து வேலை செய்யவில்லை."

அவருக்குக் கண் கலங்கியது. அவருடைய பல வருட வேலை அது. எல்லாம் செத்துக்கொண்டிருக்கிற கிழமை, எலியின் இதயமும் சாகட்டும் என்றுதான் இருந்தது எனக்கு.

கதவடியில் போனவர் திரும்பி வந்து, "ஒரு விசயம் விசித்திரமாக இருக்கிறது. உன் உதவியாளர் எடுத்த படங்களில் சுவர் மங்கலாகவாவது இருக்கிறது. நீ எடுத்தவற்றில்தான் முழுக் கறுப்பு" என்றார்.

அவர் போன பிறகு, கழிக்காத படங்களைத் திறந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் சுவர் இருந்தது, மங்கலாக, புகைக்குள். கழித்த பிறகு இல்லை. அப்படியானால் கழித்தது நான். ஏன் என்னுடைய எலிகளில் மட்டும் இவ்வளவு கூடக் கழிந்தது?

மறுநாள் ஓர் எலியை மயக்கிப் பலகையில் வைத்தேன். வைத்துவிட்டு என் கைகள் என்ன செய்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கை தானாகவே எலியின் வாலை எடுத்தது, வளைத்தது, இடப்பக்கமாக நெஞ்சுவரை கொண்டுவந்து படியவைத்தது. உதவியாளர் வாலைப் பின்னால் நேராக நீட்டி விடுவான். எல்லோரும் அப்படித்தான் விடுவார்கள். நான் மட்டும் வளைப்பேன். வருடக்கணக்காக வளைத்துக்கொண்டிருக்கிறேன், யாரும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை.

எங்கள் கோயிலின் மூஷிக வாகனத்தில் வால் அப்படித்தான் இருக்கும். மரத்தில் செதுக்கியது. வால் பின்னாலிருந்து வளைந்து இடப்பக்கமாக நெஞ்சடிக்கு வந்து முடியும். திருவிழாவுக்கு முன்னர் அதைத் துடைப்பது எனக்கும் சபேசனுக்கும் கொடுத்த வேலை. எலி என்றால் அதுதான் எலி. வாலை நீட்டிக்கொண்டு கிடக்கிற எலி என் கண்ணுக்கு ஏதோ குறைப்பட்டதாகத் தெரியும்.

ஊசி போடுவது வாலில். போட்ட இடத்தில் கொஞ்சச் சீனி தங்கிவிடும். வால் பின்னால் கிடந்தால் அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. நெஞ்சுக்குப் பக்கத்தில் கிடந்தால் இதயத்தின் படத்துக்குள் வந்துவிடும். ஆனால் எல்லை கீறும்போது நான் உடம்பை மட்டும்தான் கீறினேன். வால் எல்லைக்கு வெளியே நின்றது. கணினி அதைக் காற்று என்று எண்ணியது; காற்றில் இவ்வளவு பொய்யா என்று மலைத்து, அந்த அளவுக்கு உள்ளேயும் கழித்தது. மங்கலாக இருந்த தசை அந்தக் கழிவில் போய்விட்டது.

வாலையும் எல்லைக்குள் சேர்த்துக் கீறி, பழைய படங்களைத் திரும்பச் செய்தேன். சுவர் வந்தது. பிரகாசமாக அல்ல, ஆனால் உயிரோடு. இங்க்ரிட்டைக் கூப்பிட்டுக் காட்டினேன். வால் கதையைச் சொன்னபோது சிரித்தார், பிறகு என்னைக் கட்டிப்பிடித்தார். அவருடைய தோளுக்கு மேலால் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சந்தோசப்படவேண்டும் என்று விளங்கியது. வரவில்லை.

7

வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தேன். மைதிலி துவாயோடு வந்து பின்னால் நின்று கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"இந்தக் கோலத்தில உங்களை ஐயர் வீட்டுப் பிள்ளை எண்டு ஆரும் சொல்லமாட்டினம். எனக்கே ஆரோ மாதிரிக் கிடக்கு" என்றாள்.

கண்ணாடியில் பார்த்தேன். நல்ல தாடி. நரை கலந்து, கன்னம் முழுக்க. எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் கெதியாக வளரும். அதனால்தான் தினமும் எடுக்கவேண்டும் என்று அப்பா பிடிவாதமாக நிற்பார்.

முந்நூறு அடி நடந்தால் செல் விழுகிற மண்ணில், குடிக்கத் தண்ணீருக்கு வரிசையில் நின்ற சனத்துக்குள், சபேசன் எதை வைத்துச் சவரம் எடுத்திருப்பான்? இந்த ஒரு கேள்வியை நான் எனக்குள் கேட்கவே இல்லை. என் தம்பி என்றால் தாடி இல்லாதவன், குடுமி வைத்தவன், வேட்டி கட்டியவன் என்று நானே எல்லையைக் கீறிவிட்டேன். அதற்கு வெளியே நின்றவனைக் காற்று என்று எண்ணிக் கழித்துவிட்டேன். சரவணைக்காரர் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். அவன் திரும்பிப் பார்த்திருக்கிறான்.

துவாயை வாங்கி முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

உயிரோடு இருக்கிறான் என்று நான் அப்போது முடிவு செய்யவில்லை. மணி இன்னும் இருந்தது. முன்பு ஒன்றை வைத்திருந்தேன், இப்போது இரண்டையும் வைத்திருந்தேன். அது ஒன்றை வைத்திருப்பதைவிட மோசமாக இருந்தது.

8

தீர்த்தம் முடிந்து, கொடி இறங்கி, அதற்கு அடுத்த ஞாயிறு பிற்பகல் அப்பா எடுத்தார். குரல் கரகரத்திருந்தது. திருவிழா முடிந்தால் எப்போதும் அப்படித்தான்.

"காப்பு அவிழ்த்தாச்சு" என்றார். "குளிச்சிட்டு வந்து கதிரையில இருக்கிறன். இப்ப சொல்லும்."

சொன்னேன். கனடாக்காரி சொன்னதையும் சரவணைக்காரர் சொன்னதையும், ஒன்றையும் கழிக்காமல், வந்த ஒழுங்கில் சொன்னேன். லைனில் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

"செத்ததெண்டு சொன்னவை கண்டவையோ?"

"இல்லையப்பா. கேள்விப்பட்டவை."

"மற்றவர்?"

"தன்ர கண்ணால கண்டவராம். பேர் சொல்லிக் கூப்பிட்டவராம்."

"மணி கை மாறும்" என்றார் அப்பா. "ஏலாமப் போனா ஆரிட்டையும் குடுத்திருப்பான்." பிறகு, "நீர் என்ன நினைக்கிறீர்?"

"எனக்குத் தெரியாதப்பா."

துடக்கா இல்லையா என்று அவர்தான் சொல்லவேண்டும். வீட்டுக்கும் மூத்தவர் அவர், கோயிலுக்கும் மூத்தவர் அவர்.

"எப்ப கேட்டனீர்?"

"கொடிக்கு முந்தின கிழமை."

"அண்டையில இருந்து விளக்கு வைக்கேல்லை?"

"இல்லை."

"சவரம்?"

"எடுக்கேல்லை."

மறுபடியும் காற்று.

"எடும்" என்றார்.

"அப்பா..."

"செத்தவனுக்கெல்லே தாடி விடுறது. போய்ச் சவரம் எடும். எடுத்துப்போட்டு விளக்கை வையும். எனக்கு விடியக் கோயில் இருக்கு."

வைத்துவிட்டார்.

எடுத்தேன். முகம் சிறுத்துப்போய் இருந்தது. அன்று மாலை விளக்கு வைத்தேன். மைதிலி பக்கத்தில் வந்து நின்று கும்பிட்டாள். எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னேன். அவள் அழுதாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சபேசனைப் பற்றி இன்றுவரை வேறு செய்தி இல்லை. முகாம்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சனத்தை விடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் யாரையாவது பிடித்துக் கேட்கிறோம். எலிகளின் வாலை இப்போது பின்னால் நீட்டித்தான் விடுகிறேன். கை இன்னும் வளைக்கப் போகும், நிறுத்திக்கொள்வேன். வாணிக்கு வால் கதை பிடித்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் வாகனத்தைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டார். சின்னவனைப் பற்றியும் கேட்பதில்லை. ஒரே கேள்விதான்.

"சவரம் எடுத்தனீரோ?"

"ஓமப்பா."

"சரி."

போன ஞாயிறு எனக்கு நல்ல காய்ச்சல். எழும்ப முடியாமல் கிடந்தேன். தொலைபேசி அடித்தது, அப்பாவின் இலக்கம். மைதிலி எடுக்கப் போனாள். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போனேன். நடுங்குகிற கையால் நுரை பூசி, கன்னம், நாடி, மேலுதடு எல்லாம் வழித்தேன். இரண்டு இடத்தில் வெட்டிவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து கட்டிலில் இருந்து அவரைக் கூப்பிட்டேன்.

"என்ன, எடுக்கேல்லை?" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"சவரம் எடுத்துக்கொண்டிருந்தனான், அப்பா."

அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

"நல்லது" என்றார்.

அப்போதுதான் எனக்கு முதன்முதலாக அழுகை வந்தது.